வீரரை நீக்கினால் சம்பளம் மிச்சமா?

கேள்வி: என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணிகள் ஒப்பந்தம் முடியும் முன்பே வீரர்களை நீக்கிவிடுகின்றனவே, அந்தச் சம்பளம் அணிக்கு மிச்சம்தானே?
- வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: பெரும்பாலும் இல்லை. உத்தரவாதம் தந்த தொகையைக் கொடுத்தே தீர வேண்டும். சம்பள உச்சவரம்புக் கணக்கிலும், அதாவது வீரர்கள் சம்பளத்துக்கு லீக் வைத்த எல்லைக்கான கணக்கிலும், அது நிற்கும். நீக்கிய 48 மணி நேரத்துக்குள் வேறொரு அணி அவரை அதே ஒப்பந்தத்தோடு எடுத்துக்கொண்டால் சுமை இறங்கும்.

பயிற்சி முகாமில் 21 பேர் வரை இருக்கலாம். சீசன் தொடங்கும்போது 15 பேர், கூடவே இருவழி ஒப்பந்தத்தில் (என்பிஏ, அதன் கீழ்நிலை லீக் இரண்டிலும் ஆடுபவர்கள்) 3 பேர். ஆகவே அக்டோபரில் முதலில் வெளியேறுவது உத்தரவாதம் இல்லாதவர்கள்தான், பாவம். தப்பியவர்களுக்கும் ஜனவரி 10-ஆம் தேதிதான் நிம்மதி. அன்று அந்த சீசனின் சம்பளம் உறுதியாகிவிடும். 48 மணி நேரக் காத்திருப்பு அதற்குள் முடிய வேண்டும் என்பதால் அணிகள் 7-ஆம் தேதிக்குள் முடிவெடுக்கின்றன. 9-ஆம் தேதி நீக்கினால் முழுச் சம்பளமும் தலையில் விழும்.

பெரிய தொகை என்றால் தவணை உண்டு. ஆகஸ்ட் 31-க்குள் நீக்கினால், மீதமுள்ள ஆண்டுகளை இரட்டித்து ஒன்றைக் கூட்டி, அத்தனை ஆண்டுகளுக்குப் பிரிக்கலாம். 2025-இல் மில்வாக்கி அணி டேமியன் லில்லார்டை விட்டது இப்படித்தான்: பாக்கி 2 ஆண்டு, சுமார் 11.3 கோடி டாலர். அது 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு சுமார் 2.25 கோடியாகப் பிரிந்தது. உச்சவரம்பில் கிடைத்த இடத்தில் மைல்ஸ் டர்னரைச் சேர்த்தார்கள். ஆனாலும் தங்களுக்கு ஆடாத வீரருக்காக 5 ஆண்டு இவ்வளவு இடத்தை அடைத்து வைப்பது மிகத் துணிச்சலான முடிவு என்றே சொல்வோம்.