சண்டையே போடாத கப்பலுக்கு நாலு பக்கமா?

கேள்வி: போன இதழ்ல ஐ.என்.எஸ். காவேரி கப்பல்ல வேலை பாத்த நம்ம டெல்டாக்காரங்களோட நினைவுகள்னு நாலு பக்கம் போட்டிருந்தீங்க. ஆசையா பிரிச்சா வாந்தி, சப்பாத்தி, பாய்லர் சூடு, தூக்கமில்ல, இதேதான். எஸ்கார்ட் கப்பல்னா மத்த கப்பல் கூட சும்மா போயிட்டு வர்றதுதானே, இதுல என்ன வீரம் இருக்கு? (மன்னார்குடி வாசகர்)

பதில்: அண்ணே, எம்டன் தெரியும்ல உங்களுக்கு? 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் மேல குண்டு போட்டு எண்ணெய் டேங்க கொளுத்திட்டுப் போன ஜெர்மன்காரன் கப்பல். அது இருபதுக்கு மேல வியாபாரக் கப்பல புடிச்சுதே, எப்படி? அதெல்லாம் காவல் இல்லாம ஒத்தையில போய்க்கிட்டிருந்த கப்பலுங்க. சரி, அந்த எம்டன முடிச்சது யாரு? சிட்னின்னு ஒரு ஆஸ்திரேலியக் கப்பல். பட்டாளத்த ஏத்திக்கிட்டு வந்த முப்பதுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு எஸ்கார்ட்டா, அதாவது நீங்க சொல்ற மாதிரி சும்மா, கூட வந்துக்கிட்டிருந்துச்சு, நவம்பர் 9 அன்னிக்கு கோகோஸ் தீவுல எம்டன் நிக்குதுன்னு தகவல் வரவும் பிரிஞ்சு போய் அடிச்சிடுச்சு. ஜெயிச்சவன் பேர் நமக்கு ஞாபகம் இல்ல, ஊரக் கொளுத்துனவன் பேர்தான் நிக்குது. உங்க கேள்வியும் அந்த ரகம்தான்.

காவேரிக்கு வர்றேன். 1943-ல பிரிட்டன்ல கட்டுனது, 300 அடி நீளம், நாலு இஞ்ச் பீரங்கி ஆறு. ஆனா அத கட்டுனதே தண்ணிக்கடியில நீர்மூழ்கி இருக்கான்னு காது குடுத்துக் கேக்கத்தான். ஒருத்தன் ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்து, அனுப்புன சத்தம் எதுலயாவது பட்டுத் திரும்பி வருதான்னு கேட்டுக்கிட்டே இருக்கணும், மீன் கூட்டமா, பாறையா, நீர்மூழ்கியா, அவன் காதுதான் முடிவு பண்ணணும். கான்வாய்ல, அதாவது காவலோட கூட்டமா போற கப்பலுங்கள்ல, எது ரொம்ப மெதுவான கப்பலோ அதோட வேகம்தான் எல்லாத்துக்கும், வேகமா போற கப்பலும் அது கூடவே வளைஞ்சு வளைஞ்சு போகணும். நாலு மணி நேரம் வாட்ச், அதாவது காவல் முறை, அப்புறம் தூங்கப் போனா கப்பல் ஆடுற ஆட்டத்துல எங்க தூங்குறது, மறுபடி வாட்ச். தினமும் ஒரே ஆளுக்கே நடுராத்திரி வாட்ச் வந்துடக் கூடாதுன்னு சாயங்காலம் 4-லேர்ந்து 8 வரைக்கும் உள்ளத ரெண்டு ரெண்டு மணி நேரமா ஒடைச்சு வெச்சிருப்பாங்க, எனக்கு ரொம்ப புடிச்ச ஏற்பாடு, நம்ம ஆபீசுங்கள்ல கூட இத்தனை நியாயம் கிடையாது.

சண்டையே இல்லைங்கறீங்க, இருந்துச்சே. 1961 டிசம்பர்ல கோவாவுல போர்ச்சுகீசியரோட அல்புகெர்க் கப்பல அடிச்சப்ப நம்ம கடற்படையோட பியாஸ், பெட்வா கப்பல்கள் கூட காவேரியும் இருந்துச்சு. அப்ப பாய்லர் ரூம்ல இருந்த திருத்துறைப்பூண்டிக்காரர்கிட்ட மேல என்ன நடந்துச்சுன்னு எங்க ஆளு துருவித் துருவி கேட்டாரு. "எனக்கு என்ன தம்பி தெரியும், நான் பிரஷர் மீட்டர பாத்துக்கிட்டு இருந்தேன், கால்ல அதிர்வு வந்துச்சு"ன்னாரு. அத அப்படியே போட்டோம். மசாலா சேர்த்து, புகையும் நெருப்பும் இவர் கண்ணால பாத்த மாதிரி எழுதியிருந்தா உங்களுக்கு இனிச்சிருக்கும், அது பொய்.

சும்மா போறதுன்னா என்னன்னு நம்ம கடற்படையோட கூக்ரி கப்பல்ல போனவங்க குடும்பத்துக்குத் தெரியும். 1971 டிசம்பர் 9, தியூ பக்கத்துல நீர்மூழ்கியத் தேடிப் போன கப்பல், சோனார், அதான் அந்த சத்தம் அனுப்பிக் கேக்குற கருவி, நல்லா கேக்கணும்னு வேகத்தக் குறைச்சுப் போய்க்கிட்டிருந்தப்ப பாகிஸ்தானோட ஹங்கோர் நீர்மூழ்கி டார்பிடோ விட்டு முழுக அடிச்சுது. 18 ஆபீசருங்க, 176 மாலுமிங்க செத்துப் போனாங்க. கேப்டன் முல்லா கப்பல விட்டு இறங்கல. அந்த 176 பேர்லயும் பாய்லர் பாத்தவன், சோறு ஆக்குனவன், துணி தொவைச்சவன் எல்லாம் இருப்பான்ல?

ஐப்பசி கார்த்திகையில ஆத்துல தண்ணி ஏறுனா ராத்திரி பூரா அரிக்கேன் விளக்கும் மண்மூட்டையுமா கரைக்காவல் இருந்தவங்க உங்க ஊர்ப் பக்கமும் உண்டு. கர ஒடைஞ்ச வருஷத்த தாத்தா சொல்லுவாரு, ஒடையாத வருஷம் யாரு முழிச்சிருந்தான்னு எவனுக்கும் தெரியாது. காவல் கப்பல்காரன் கதையும் அப்படித்தான் இருக்கும், ஒண்ணும் நடக்கலன்னா அவன் வேலைய ஒழுங்கா செஞ்சிருக்கான்.

சப்பாத்திய பத்தியும் கிண்டல் பண்ணாதீங்க. 1946 பிப்ரவரியில பம்பாய்ல கடற்படைப் பசங்க வெள்ளைக்காரனுக்கு எதிரா கெளம்புனதே மோசமான சாப்பாட்டுலயும் ஆபீசருங்க பேசுன பேச்சுலயும்தான், அது கராச்சி வரைக்கும் பரவுச்சு. மூணு வேளையும் சோறு திங்கற ஊர்லேர்ந்து போன பையன் சப்பாத்திய பத்தி அம்பது வருஷம் கழிச்சும் பொலம்புறான்னா அது பக்கத்த நிரப்ப எழுதுனது இல்ல.

அடுத்த இதழ்ல கப்பல் சமையக்கட்டுல இருந்த நாகப்பட்டினத்துக்காரரோட பேட்டி வருது. அதுலயும் சண்டை கிடையாது, ஆடுற கப்பல்ல சாம்பார் எப்படி கொதிக்க வெச்சாங்கங்கறதுதான் மூணு பக்கம். சந்தாவ நிறுத்துறதா இருந்தா இப்பவே ஒரு கார்டு போட்டுடுங்கண்ணே.