தம்புள்ளை, அஜந்தா மாதிரியான இருட்டுக் குகைகளில் பிளாஷ் போடாமல் படம் எடுப்பது எப்படி?

நான் திருகோணமலை. கண்டி பஸ் ஏறினால் கந்தளாய், ஹபரணை தாண்டித் தம்புள்ளை வந்துவிடும். அதனால் அங்கே மலையில் இருக்கிற புத்தர் குகைக் கோயிலுக்குக் கமராவோடு பல தடவை போயிருக்கிறேன். அஜந்தாவுக்கு ஒரே ஒரு தடவை.

முதலில், இருட்டை விரட்டப் பார்க்காதீர்கள். கறுப்பு அதிகமாக இருந்தால் கமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். குகை சாம்பல் நிறமாகும், விளக்கடியில் இருக்கிற புத்தரின் முகம் வெளிறிப் போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிகிற வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியாக), தேவைப்பட்டால் ஒன்றரை ஸ்டாப், குறைத்து ரோ ஃபைலாக (பிறகு திருத்த வசதியாகக் கமரா பதிந்தபடியே வைக்கிற ஃபைல்) எடுங்கள். முகத்து வெளிச்சம் சரியாக வந்தால் போதும், மூலைகள் இருண்டே கிடக்கட்டும்.

முதல் தடவை நான் மலையேறின மூச்சோடு, வெயிலில் இருந்து நேரே உள்ளே போய் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முக்கால்வாசியும் ஆடின படம். இப்போது போனவுடன் கமராவைத் தொடுவதில்லை. பத்து நிமிடம் ஓர் ஓரமாக இருப்பேன். மூச்சும் அடங்கும், கண்ணும் பழகும்.

லென்ஸ் திறப்பு எஃப் 1.8 அல்லது 2.8, ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) 1600 முதல் 3200, ஷட்டர் திறந்திருக்கிற நேரம் 1/30 செக்கன். ஐஎஸ்ஓ கூடிப் படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தால் பிறகு குறைக்கலாம், ஆடின படத்துக்கு மருந்தில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி, பாதி மூச்சை விட்டுவிட்டு, தொடர்ச்சியாக நாலு படம் எடுங்கள். விரல் அழுத்துகிற ஆட்டம் முதல் படத்தோடு போய்விடும். சுவரில் மட்டும் சாயவே வேண்டாம், அங்கே சுவரெல்லாம் ஓவியம்.

கூரைதான் எனக்கு உயிர். தம்புள்ளையில் ஓவியம் மட்டும் ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர். இரண்டாம் குகையில் பாறை மேடும் பள்ளமுமாக எப்படிப் போகிறதோ அப்படியே அதன்மேல் தீட்டியிருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் கோயிலில் வெள்ளை கட்டின மாதிரித் துணி தொய்ந்து நிற்பதுபோல் இருக்கும். மடித்த துணியைத் தரையில் வைத்து, லென்ஸ் மேலே பார்க்கக் கமராவை அதில் வையுங்கள். 2 செக்கன் டைமர், ஐஎஸ்ஓ 200, ஷட்டர் ஒரு செக்கனோ இரண்டோ. ஆக்கள் விலகும்வரை பொறுங்கள். சிவப்பும் மஞ்சளும் அப்படியே வரும்.

முதலாம் குகையில் பாறையிலேயே குடைந்த, 14 மீற்றர் அளவான சயனப் புத்தர். பின்னுக்குப் போய் முழுதாக எடுக்க இடமில்லை. சிவப்புப் பூசிய அந்த உள்ளங்கால்களை மட்டும் எடுங்கள், அதுவே நிறையச் சொல்லும்.

கதவால் வருகிற பகல் வெளிச்சம் நீலம், உள்ளே பல்ப் மஞ்சள். ஒரு வெள்ளைத் தாளை அதே இடத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்தால் பிறகு நிறம் சரிசெய்ய லேசு.

பிளாஷ் இரண்டு இடத்திலும் கூடாது. அஜந்தா ஓவியங்கள் மண் பூச்சின்மேல் தீட்டியவை, ஏற்கெனவே உதிர்ந்தவை. ட்ரைபொட் வேண்டுமென்றால் அங்கே தனியாக அனுமதி எடுக்க வேண்டும். தம்புள்ளை கும்பிடுகிற இடம். புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

போகமுன் வீட்டில் பழகுங்கள். பொழுதுபட்டபிறகு சாமியறையில் லைட்டை நிற்பாட்டி, குத்துவிளக்கு வெளிச்சத்தில் மட்டும் ஒரு படத்தை எடுத்துப் பாருங்கள். திரியும் வெளிறாமல், பின்னால் இருக்கிற சாமி படமும் தெரிகிற அளவுக்கு வந்தால் பஸ் ஏறலாம்.