அப்பா நடிக்கவில்லை, தம்பி
தம்பி, காலையில் சாப்பிட்டதையே மறந்துவிடும் அப்பா கிழிந்த வலையை மட்டும் பிசகாமல் பின்னுகிறாரே, நடிக்கிறாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். நடிப்பே இல்லை.

புது நிகழ்வுகளை மனதில் பதியவைப்பது மூளைக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. பாம்பன் பக்கம் வலையில் ஏறுமே கடல்குதிரை, அதே வளைவு, பெயரும் அதிலிருந்துதான். கைப்பழக்கம் தங்குவது சிறுமூளை போன்ற வேறு இடங்களில். 1953-இல் வலிப்புக்காக ஹென்றி மொலைசன் என்ற நோயாளிக்கு இருபக்க ஹிப்போகாம்பஸிலும் முன்பகுதியை எடுத்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேறினார். முந்தைய நாள் வரைந்த நினைவே கிடையாது.

“ஞாபகம் இருக்கா?” என்று துருவாதீர்கள், பாவம். வலை ஊசி அவர் கையிலேயே இருக்கட்டும். அப்புறம், வைட்டமின் பி12, தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். அது மருந்தில் சரியாகக்கூடியது. இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.