‘1848’ என்று இருந்தால் பக்காரா ஆகிவிடுமா?

ஆகிவிடாது. காரைக்குடியில் வாங்கிய கண்ணாடி பேப்பர் வெயிட்டின் உள்ளே பூக்களுக்கிடையே 1848 என்று மட்டும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிரான்சின் பக்காரா கண்ணாடி ஆலை 1846 முதல் 1849 வரை செய்தவற்றில் ஆண்டுக்கு மேல் பெரும்பாலும் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். உங்களுடையது இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சரக்காக இருக்கலாம். அங்கே இதே ஆண்டைப் பொறித்துச் செய்திருக்கிறார்கள்.

ஒரு சோதனை. இதற்காக மதுரைத் தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்கு அலைய வேண்டாம், சமையலறை டிஜிட்டல் தராசே போதும்.

1. முதலில் கண்ணாடியை எடை போடுங்கள்.
2. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கண்ணாடியை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள்.
3. முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுங்கள்.

2.5 வந்தால் சாதாரணக் கண்ணாடி. பக்காரா ஆசையை விட்டுவிடலாம். 3-ஐத் தாண்டினால் பக்காராவைப் போல ஈயம் கலந்த கண்ணாடி. ஆனால் பிற்காலத்திலும் ஈயக் கண்ணாடியில் செய்தார்கள், அதனால் அது மட்டும் சான்றாகாது.

விரிசல் இருந்தால் தண்ணீரில் இறக்காதீர்கள். அடிப்பாகத்தை மெருகேற்றவும் கொடுக்காதீர்கள்: பல திசைகளில் ஓடும் மெல்லிய கீறல்கள்தான் அதன் வயதுக்குச் சாட்சி. ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாள் வேலை!