ஒரே பீர், இரண்டு ருசி: இதில் எது கெட்டது?

கேள்வி: பிரஸ்ஸல்ஸில் இரண்டு கடைகளில் ஓர்வால் பீர் வாங்கினேன். ஒன்றில் ஆரஞ்சுத் தோல் மணமும் நல்ல கசப்பும் இருந்தன. மற்றதில் கசப்பு மட்டுப்பட்டு, வைக்கோலும் புதுத் தோல் செருப்பும் கலந்த மாதிரி வாடை. இரண்டாவது கெட்டுப்போன சரக்கா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அது கெடவில்லை, வயதாகியிருக்கிறது. பெல்ஜியத்தில் ஓர்வால் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடத்தில் பீரைப் பாட்டிலில் அடைக்கும்போது ப்ரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டும் கூடவே போகிறது. வழக்கமான ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரையை அது மாதக்கணக்கில் நிதானமாகத் தின்னும். அதனால் இனிப்பு வற்றுகிறது, நுரை கூடுகிறது, அந்த வைக்கோல் வாடையும் வருகிறது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணமோ நாளாக ஆக மங்கிவிடும். காலையில் இறக்கிய கள்ளும் சாயங்காலக் கள்ளும் ஒரே ருசியாகவா இருக்கின்றன?

வாங்கும்போதே தேதியைப் பாருங்கள். லேபிளில் அடைத்த தேதியும், அதிலிருந்து 5 ஆண்டு கழித்துக் காலாவதித் தேதியும் இருக்கும். கசப்பும் மணமும் வேண்டுமென்றால் 3 மாதத்துக்கு உட்பட்டது. வைக்கோல் வாடை பிடித்தால் 6 மாதம் தாண்டியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்ப்பதுதான் இந்தப் பீரைப் புரிந்துகொள்ள நல்ல வழி.

அதற்கு முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் தங்கட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் விட்டு, 12 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். பல் கூசும் குளிரில் மணமே எழும்பாது. கிளாஸில் சோப்போ எண்ணெயோ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. பச்சைத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடே பயன்படுத்தலாம். கிளாஸைச் சாய்த்து ஒரே ஓட்டமாக ஊற்றி, கடைசி ஒரு விரற்கடை பாட்டிலிலேயே இருக்கட்டும். நடுவில் நிறுத்தி நிமிர்த்தினால் மண்டி கலங்கிவிடும். மண்டி உடம்புக்குக் கெடுதல் இல்லை. தனியாக ஊற்றி ருசித்தால் ரொட்டி மாவு வாசனை தெரியும். முதலில் மோந்து பாருங்கள், பிறகு குடியுங்கள்.

உண்மையான கோளாறு வேறு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் காற்றுப் பட்டு, சூட்டில் கிடந்த சரக்கு. கருகிய ரப்பர் மாதிரி நாறினால் வெளிச்சம் பட்டு ஹாப்ஸின் கசப்புச் சத்து சிதைந்திருக்கிறது. பழுப்புக் கண்ணாடி இதை ஓரளவு தடுக்கும், பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. ஆகவே கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி நிற்கும் பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள். குளிர்ந்து அசையாமல் இருந்த பாட்டிலைத் திறந்ததும் பீர் பொங்கி வழிந்தால் கிருமித் தொற்றைச் சந்தேகிக்கலாம். அப்போது மிச்சத்தைக் கொட்டாமல், ரசீதோடு கடையில் காட்டுங்கள்.

கேள்வி: லேபிளில் மடத்தின் படம் இருந்தால் துறவிகள் காய்ச்சியது என்று அர்த்தமா?

பதில்: இல்லை. லெஃப் என்ற பெல்ஜியப் பீர் பாட்டிலிலும் மடத்தின் பெயர் இருக்கிறது. காய்ச்சுவது லூவன் நகரில் ஏபி இன்பெவ் என்ற பெரிய பீர் நிறுவனத்தின் ஆலை. அதில் மோசடி ஒன்றுமில்லை, ஆனால் துறவி காய்ச்சியது என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஆறுகோண ட்ராப்பிஸ்ட் முத்திரையைத் தேடுங்கள் (ட்ராப்பிஸ்ட் என்பது கத்தோலிக்கத் துறவிகளின் ஒரு சபை). மடத்துச் சுற்றெல்லைக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சினால்தான் அது கிடைக்கும். ஆஹெல் மடத்துப் பீருக்கு 2021-இல் அந்த முத்திரை போயிற்று, மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதால்.

கேள்வி: நாலைந்து வகையை ஒரே நாளில் ருசிக்கலாமா?

பதில்: ருசிக்கலாம். ஒவ்வொரு வகையிலும் ஆளுக்கு 100 மில்லி போதும். ஆல்கஹால் குறைந்ததிலிருந்து ஏறுங்கள்: ஓர்வால் லேபிளில் 6.2 சதவீதம், ஷிமே சிவப்பு 7, வெஸ்ட்மால் ட்ரிபெல் 9.5, ரோஷ்ஃபோர் 10 என்பது 11.3. (அந்த 10 பெயர்தான், சதவீதம் இல்லை.) தலைகீழாகப் போனால் கடைசிப் பீர் வெறும் தண்ணீராகத் தெரியும்.