மேனேஜர் அக்காவுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: நானும் என் கணவரும் திருத்துறைப்பூண்டி பக்கத்தில் இருபது படுக்கை உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிறோம். அடுத்த வருஷம் வெள்ளி விழா. நாங்கள் ஆரம்பித்த மறு வருஷமே டோக்கன் போட வந்த பெண்தான் இன்றைக்கு எங்கள் மேனேஜர், ஊருக்கே அக்கா. அவர் இல்லையென்றால் இந்த ஆஸ்பத்திரியே இல்லை. விழாவில் அவருக்கு ஒரு விருது கொடுக்க ஆசைப்படுகிறேன். “சம்பளம் வாங்குறவங்களுக்கு எதுக்கு விருது” என்கிறார் என் கொழுந்தனார். மற்ற ஸ்டாஃப் மனம் கோணுமோ என்று கணவருக்குப் பயம். அக்காவோ, “எனக்கு எதுக்குங்க டாக்டரம்மா, அந்தக் காசுல ஒரு இலவச முகாம் நடத்துங்க” என்கிறார். நான் என்ன செய்யட்டும்? அரசு விருது எதற்காவது எழுதிப் போடலாமா?

பதில்: டாக்டரம்மா, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுசாக நாலு பக்கம், அதில் மூன்றரைப் பக்கம் அக்கா செய்த வேலைகள். படிக்கப் படிக்க எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. ஆனால் அந்த நாலு பக்கத்திலும் அவருக்கு என்ன சம்பளம் என்று ஒரு வரி இல்லை, மேனேஜர் என்று போட்ட நியமன உத்தரவு அவர் கையில் இருக்கிறதா என்றும் இல்லை. அங்கிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன், விழாவை அப்புறம் பார்ப்போம்.

நம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. டோக்கன் போட வந்த பெண் கொஞ்ச நாளில் பில் போடுகிறார், அப்புறம் மருந்து ஸ்டாக் பார்க்கிறார், அப்புறம் நர்ஸ்களுக்கு டூட்டி போடுகிறார், லைசென்ஸ் புதுப்பிக்க திருவாரூருக்கு அலைகிறார், ஆக்ஸிஜன் சிலிண்டர் வரவில்லை என்றால் ராத்திரி பதினொரு மணிக்கு அவருக்குத்தான் போன் போகிறது. வேலை ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் ஒரு நாள் உட்கார்ந்து “இன்றுமுதல் நீங்கள்தான் நிர்வாக மேலாளர், உங்கள் பொறுப்பு இது, அதிகாரம் இது, சம்பளம் இது” என்று எழுதிக் கொடுப்பவர் யாரும் இல்லை. தீபாவளிக்குப் புடவையும் போனஸும் கொடுத்தால் கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, நீங்கள் அவர் மேல் உயிரையே வைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஆனாலும் முதல் மரியாதை காகிதத்தில் இருக்க வேண்டும்.

கிராஜுவிட்டி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வேலையை விடும்போது அது சட்டப்படி உண்டு. 1972ஆம் வருஷத்துச் சட்டம் வகுத்த கணக்கு சுலபமானது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை எத்தனை வருஷமோ அத்தனையால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை மாதம் 26,000 என்று வைத்தால் வருஷத்துக்கு 15,000, 24 வருஷத்துக்கு 3,60,000 ரூபாய். இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா என்று உங்கள் ஆடிட்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். பி.எஃப். ஒழுங்காகப் போகிறதா என்றும் பாருங்கள். தயவுசெய்து இதை மேடையில் பரிசாக அறிவித்துவிடாதீர்கள். அது அவர் சம்பாதித்த பணம்.

சரி, இப்போது உங்கள் கொழுந்தனார் கேட்ட கேள்வி. ‘சம்பளம் வாங்குறவங்களுக்கு எதுக்கு விருது’ என்றால், சம்பளம் எந்த வேலைக்கு, எதற்குச் சம்பளமே இல்லை என்று பிரித்துப் பார்த்தால் அவருக்கே புரியும். உங்கள் ஸ்கேன் ரூமையே எடுத்துக்கொள்வோம். கருவில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் எஃப் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் டாக்டர் கோர்ட்டுக்குப் போக நேரும். வெறும் எழுத்துப் பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தினமும் சாயங்காலம் அந்தப் படிவங்களை அக்கா ஒரு தடவை புரட்டிப் பார்த்த பிறகுதான் ரூமைப் பூட்டுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக் கழிவும் அப்படித்தான். எது மஞ்சள் பை, எது சிவப்பு, ஊசி எந்த வெள்ளை டப்பாவில், கண்ணாடி எந்த நீலப் பெட்டியில் என்று துப்புரவு வேலைக்கு வரும் பெண்ணுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, 48 மணி நேரத்துக்குள் கழிவு வண்டி வந்ததா என்று பார்ப்பதும் அவர்தான். இதெல்லாம் சம்பளத்துக்குச் செய்த வேலை என்றே வைத்துக்கொள்வோம். நன்றாகச் செய்தார், அவ்வளவுதான் என்று உங்கள் கொழுந்தனார் சொல்லலாம்.

ஆனால் கஜா? 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அந்தப் புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது அக்கா வீட்டு ஓடு பறந்துவிட்டது என்கிறீர்கள். விழுந்து கிடந்த தென்னைமரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். வந்ததும் முதலில் பார்த்தது ஃப்ரிட்ஜை. இன்சுலினும் டி.டி. ஊசி மருந்தும் கெட்டுப்போகாமல் இருக்க ஜெனரேட்டரை எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் ஓட்டுவது, கையிருப்பு டீசல் எத்தனை நாளைக்கு வரும் என்று ஒரு பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டு, அதைக் கௌண்டர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். அந்த ஓட்டும் நேரத்தில் ஊர்க்காரர்கள் வந்து செல்போன் சார்ஜ் போட்டுக்கொள்ள வாசலில் ஒரு பலகை போட்டிருக்கிறார். அந்த மாதம் பிரசவம் ஆக வேண்டிய பெண்களின் லிஸ்ட்டை எடுத்து, எந்தெந்த ஊருக்கு ரோடு திறந்திருக்கிறது என்று பால்காரரிடம் கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறார். தலைமைப் பண்பு என்று மேடையில் பேசுகிறோமே, எனக்குத் தெரிந்து அது இதுதான். யாரும் சொல்லாமல், எது முதலில் கெட்டுப்போகும், யார் முதலில் கஷ்டப்படுவார் என்று யோசித்து அந்த வரிசையில் வேலையை எடுத்து வைக்கிறவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அந்த நோட்டு விஷயத்தையும் விட முடியாது. “டி.பி.சி.யில (நெல் கொள்முதல் நிலையத்தில்) நெல்லு போட்டிருக்கு, பணம் ஏறினதும் கட்டிடுறேன்” என்று சொல்பவர்களின் பாக்கியை அக்கா தனி நோட்டில் எழுதி வைக்கிறார், அந்த நோட்டைக் கௌண்டரில் வைக்காமல் தன் மேஜை டிராயரில் பூட்டி வைக்கிறார், அறுப்பு முடிகிற வரை ஒருவருக்கும் போன் செய்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டெல்டாவில் பிறந்தவருக்குத்தான் இது தோன்றும். கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைந்து கிடக்கும்போது வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கடனைக் கேட்டால் அந்த மனுஷன் மறுபடி வைத்தியத்துக்கே வரமாட்டான், நோயை முற்றவிட்டுத்தான் வருவான்.

பெரிய ஆபரேஷன் என்று வந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இல்லாதவர்களுக்கு ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ.விடம் வாங்க வேண்டிய வருமானச் சான்று எல்லாவற்றையும் சொல்லி, கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்கு அனுப்பி வைக்கிறார். அந்த நோயாளி போகப்போவது உங்கள் ஆஸ்பத்திரிக்கு அல்ல, தஞ்சாவூர் மெடிக்கலுக்கு. உங்களுக்கு இதில் ஒரு பைசா வரவில்லை என்று தெரிந்தே செய்கிறார், நீங்களும் தடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் என் வணக்கம். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போய், பாம்பு கடித்தால் கயிறு போட்டு இறுக்காதே, பிளேடால் கீறாதே, ஓடவிடாதே, நேராகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வா என்று சொல்லிக்கொடுக்கிறாரே, அதற்கும் எந்தச் சம்பளமும் கிடையாது. கொழுந்தனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒருவரை மட்டும் மேடை ஏற்றினால் ராத்திரி டூட்டி பார்த்த நர்ஸுக்கு வலிக்கத்தான் செய்யும். அதற்கு எல்லாருக்கும் ஒரு ஷீல்டு என்று கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் கொடுத்ததாக ஆகாது. வேறு வழி இருக்கிறது. ஸ்டாஃப் ஒவ்வொருவரிடமும் அக்காவிடம் கற்றுக்கொண்ட ஒரு வேலையை அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதத் தெரியாதவர் சொன்னால் இன்னொருவர் எழுதட்டும். ஆம்புலன்ஸ் டிரைவர், துப்புரவுப் பெண், மருந்துக்கடைப் பையன் எல்லாரும் எழுதட்டும். அவற்றைத் தொகுத்து ஒரு சின்னப் புத்தகமாகக் கட்டி அவர் கையில் கொடுங்கள். யார் வாங்கினார் என்கிற பேச்சு போய், நான் எழுதினேன் என்கிற பேச்சு வரும். இன்னொன்று, இன்றைக்குப் பில் போடும் பெண்ணுக்கு அக்கா எல்லா வேலையையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அவர் நாலு நாள் லீவு போட்டால்கூட ஒன்றும் நிற்பதில்லை என்கிறீர்கள். பாராட்டுரையில் அதைக் கட்டாயம் சேருங்கள். தான் இல்லாவிட்டால் நடக்காது என்று எல்லாவற்றையும் கையில் பிடித்து வைத்துக்கொள்ளும் மேனேஜர்களை நிறையப் பார்க்கிறோம்.

பாராட்டுரை என்றதும் ‘தன்னலமற்ற சேவை, அயராத உழைப்பு’ என்று பிரிண்டிங் பிரஸ்காரர் தயாராக வைத்திருப்பார். வேண்டாம். ‘கஜா புயலின்போது டீசல் கணக்குப் போட்டு மருந்துகளைக் காப்பாற்றியவர்’ என்று போடுங்கள். ஆனால் நோயாளிகளை மேடையேற்றி, அக்கா எனக்குக் கடன் கொடுத்தார், என் நோய்க்கு இப்படி உதவினார் என்று பேச வைக்காதீர்கள். அந்த நோட்டை அவர் டிராயரில் பூட்டி வைத்ததே அதற்காகத்தான். யாராவது தாங்களாக ஆசைப்பட்டு வந்து பேசினால் சரி.

முகாம் வேண்டும் என்று அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த முகாமுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பது, மருந்து வாங்குவது, வரிசையில் ஆட்களை உட்கார வைப்பது எல்லாம் யார் செய்யப் போகிறார்? அவருக்கு மரியாதை என்ற பெயரில் இன்னொரு வார வேலையைத் தலையில் கட்டுவதாகிவிடும். முகாமைத் தனியாக நடத்திக்கொள்ளலாம். அவர் வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஊரில் கண் படும், சொந்தக்காரர் கடன் கேட்பார்கள், இல்லை கூட்டத்தில் நிற்கவே பிடிக்காது. தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, “இது நான் ஆசைப்பட்டுச் செய்யறது, உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு மட்டும் சொல்லுங்க” என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் திடீரென்று மேடைக்குக் கூப்பிடும் வேலை வேண்டவே வேண்டாம். ஊதியத்தோடு ஒரு மாத லீவு கேட்டாலும் கொடுங்கள், எனக்கென்னவோ அவர் அதைத்தான் கேட்பார் என்று தோன்றுகிறது.

அரசு விருதுக்குத் தாராளமாக எழுதலாம். சர்வதேச மகளிர் தினத்தை ஒட்டித் தமிழக அரசு 2012 முதல் ஔவையார் விருது கொடுக்கிறது. சுதந்திர தினத்தில் பெண்கள் நலனுக்கு உழைத்த சிறந்த சமூக சேவகருக்கு ஒரு விருது உண்டு. இரண்டுக்கும் உங்கள் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் எப்போது விண்ணப்பிக்கலாம், என்னென்ன ஆதாரம் வேண்டும் என்று சொல்வார்கள். பத்ம விருதுக்குக்கூட யார் வேண்டுமானாலும் யாரையும் இணையத்தில் பரிந்துரைக்கலாம். எண்ணூறு வார்த்தைக்குள் அவர் செய்ததை எழுத வேண்டும், அவ்வளவுதான். ஊர் ரோட்டரி சங்கத்திலும் சொல்லி வையுங்கள், தங்கள் தொழிலைச் சிறப்பாகச் செய்பவர்களைப் பாராட்டும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. அமெரிக்காவில் மருத்துவ நிர்வாகிகளுக்கென்று 1926லேயே தனிச் சங்கம் வந்துவிட்டது. நம் ஊரில் இந்த வேலையை ஒரு தொழிலாக மதிக்கும் பழக்கமே இனிமேல்தான் வர வேண்டும், அதனால் நீங்கள் எழுதுகிற கடிதம் உங்கள் அக்காவுக்கு மட்டும் உதவுவதாக நினைக்காதீர்கள். பணம் கட்டினால் கௌரவ டாக்டர் பட்டம், சாதனையாளர் விருது என்று போன் வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள். 2023இல் சென்னையில் பிரபலங்களுக்கே போலிப் பட்டம் கொடுத்து அது போலீஸ் வரை போனது.

நாள் குறிக்கும்போது தை, மாசியைத் தவிருங்கள், சம்பா அறுப்பில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை பிடித்துக்கொள்ளும். பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் எல்லாரும் வருவார்கள். பந்தல்காரர், சமையல்காரர், மைக் செட்காரர் மூவருக்கும் போன் போடும் வேலையை உங்கள் கணவரும் கொழுந்தனாரும் எடுத்துக்கொள்ளட்டும். பழக்கதோஷத்தில் அதையும் அக்காவிடம் கொடுத்துவிடாதீர்கள்.