ஆம்பியர் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வயலில் 5 எச்.பி. மும்முனை மோட்டார் ஓடுகிறது. எச்.பி.யை ஆம்பியராக மாற்றுவது எப்படி? (மன்னார்குடி வாசகர்)

பதில்: நெல்லளவையில் கலத்தைப் பன்னிரண்டால் பெருக்கி மரக்காலாக்குவதுபோல் இதை நேரே மாற்ற இயலாது, ஏனெனில் எச்.பி. திறனின் அலகு, ஆம்பியர் மின்னோட்டத்தின் அலகு. இடையே மின்னழுத்தம் தெரிந்தாக வேண்டும். ஒரு எச்.பி. 746 வாட் என்பதால், தங்கள் மோட்டாரின் திறன் 3,730 வாட் ஆகும். இதை 1.732 (மும்முனைக்குரிய எண், மூன்றின் வர்க்கமூலம்), 415 வோல்ட், திறன் காரணி (வோல்ட்-ஆம்பியர் பெருக்கத்தில் உண்மைத் திறனாகும் பங்கு) 0.85, செயல்திறன் 0.85 ஆகியவற்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால் ஏறத்தாழ 7.2 ஆம்பியர் வரும். ‘எச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர்’ என்று மெக்கானிக்குகள் வாய்க்கணக்காகச் சொல்வது இதனை ஒட்டியதே. ஆனால் அக்கணக்கு மும்முனைக்கு மட்டுமே பொருந்தும். ஒருமுனையில் 1 எச்.பி. மோட்டாரே 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும்.

குறுவை நாற்றங்காலுக்கு ஊரெங்கும் போர்செட்டுகள் ஒருசேர ஓடும் நாட்களில் மின்னழுத்தம் 360 வோல்ட்டுக்கு இறங்கினால், அதே சுமைக்கு மின்னோட்டம் 8 ஆம்பியரைத் தாண்டிவிடும். அப்போது ஸ்டார்ட்டர் டிரிப் ஆகிறதே என்று ரிலேயின் (மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் கருவி) திருகைக் கூட்டி வைப்பவர்கள், காயில் கருகிய பிறகுதான் வருந்துகிறார்கள். மோட்டாரின் பெயர்த்தகட்டில் பொறித்துள்ள ஆம்பியருக்கு மேல் ரிலேயை வைக்காதீர்கள்.

கேள்வி: வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. மீட்டர் பழுதா? (திருவையாறு வாசகர்)

பதில்: மூன்று வயர்களையும் சேர்த்துக் கவ்வியிருப்பீர்கள். மூன்று முனைகளின் மின்னோட்டங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால் பூஜ்யமே வரும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படியே அரைமணி நேரம் மீட்டரைக் குறை சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஸ்டார்ட்டரைத் திறந்து, ஒரே ஒரு வயரை மட்டும் தாடைக்குள் விட்டுப் பாருங்கள். கைப்பழக்கம் இல்லையெனில் மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யில் 40 ஆம்பியர் என்றும் 30 மில்லி ஆம்பியர் என்றும் இரண்டு எண்கள் உள்ளன. எது சரி? (கும்பகோணம் வாசகி)

பதில்: இரண்டும் சரியே. முதலாவது அது தாங்கும் மின்னோட்டம். இரண்டாவது, எவ்வளவு கசிந்தால் அது இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. ஆயிரத்தால் வகுத்தால் 0.03 ஆம்பியர்.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஆம்பியர்-மணி, கைப்பேசி 5,000 மில்லி ஆம்பியர்-மணி. அப்படியானால் கைப்பேசி பேட்டரிதான் பெரிதா? (நாகப்பட்டினம் மாணவர்)

பதில்: இல்லை. 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது வெறும் 5 ஆம்பியர்-மணி. இது மின்னோட்டத்தின் அலகும் அன்று. சேமித்த மின்னூட்டத்தின் அளவு. அந்த அளவில் இன்வெர்ட்டர் பேட்டரி 30 மடங்கு பெரிது. ஆயினும் அது 12 வோல்ட், கைப்பேசியுடையதோ 3.7 வோல்ட் என்பதால், ஆற்றலில் 1,800 வாட்-மணிக்கு 18.5 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ 97 மடங்கு.